மூன்று அறைகளும் ஒரு கூடமும்

செஞ்சிக்கு வருகிறவர்கள் கோட்டையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, தேசிங்கு ராஜனுக்காக ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு, அடுத்த பஸ்ஸைப் பிடித்து ஊர் திரும்பிவிடுகிறார்கள். விழுப்புரம் போகும் வழியில் மண்டகப்பட்டு என்று ஓர் ஊர் இருப்பதும், அங்கே ஒரு பாறைக்குள் தமிழ்நாட்டுக் கலைச் சரித்திரத்தின் முதல் அத்தியாயங்களில் ஒன்று அடங்கிக் கிடப்பதும் அவர்களுக்குத் தெரிவதில்லை. ஐம்பது வயதுவரை நானும் அப்படித்தான் இருந்தேன். ஆகையால் பிறரைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை கிடையாது.

ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதியில் பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மன் குடைவித்த கோயில் அது. செங்கல் இல்லாமல், மரம் இல்லாமல், உலோகம் இல்லாமல், சுண்ணாம்பு இல்லாமல் பிரம்மாவுக்கும் சிவனுக்கும் விஷ்ணுவுக்கும் ஓர் இருப்பிடம் செய்திருப்பதாக அங்குள்ள வடமொழிக் கல்வெட்டில் அவன் பெருமைப்பட்டுக்கொண்டிருக்கிறான். விசித்திரசித்தன் என்ற தன் பட்டப் பெயரையும் மறக்காமல் பொறித்திருக்கிறான். நியாயமான பெருமைதான். நாடகம் எழுதியவன், சித்திரக்காரப்புலி என்று பெயர் வாங்கியவன்; ஒரே ஆளுக்குள் பல கலைகளைக் குடிவைத்துக்கொண்டு அவஸ்தைப்பட்ட ராஜா. முகப்பின் இரு பக்கமும் இரண்டு துவாரபாலகர்கள் நிற்கிறார்கள். உள்ளே ஒரு கூடம். கூடத்தின் பின்சுவரில் மூன்று அறைகள். அறைகளில் இன்று மூர்த்திகள் இல்லை.

என்னை அங்கே அழைத்துப் போன பிள்ளைக்கு இருபத்து நாலு வயது இருக்கும். பக்கத்துக் கிராமம். கல்யாண வீடுகளில் வீடியோ எடுப்பது ஜீவனம். துவாரபாலகர்களின் கதாயுதத்தை நான் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தபோது, அவன் தூணில் சாய்ந்து உட்கார்ந்து மடியில் லாப்டாப்பைத் திறந்துகொண்டான். காதில் பெரிய ஹெட்போன்.

"இங்கே வந்தும் வேலையா, தம்பி?" என்றேன்.

"கூத்து, ஐயா. எங்க சின்னத் தாத்தா ஆடினது. காலும் தட்டும் சேர மாட்டேங்குது. தை முடியறதுக்குள்ள முடிச்சுக் குடுக்கறேன்னு சொல்லிட்டேன்."

காலும் தட்டும் என்றால் என்ன என்று கேட்டேன். அவன் சொன்ன பதிலிலிருந்து நான் விசாரித்துத் தெரிந்துகொண்ட ஒரு சரித்திரத்தைத்தான் இங்கே எழுதப் போகிறேன். பல்லவர் சரித்திரத்தை எதிர்பார்த்து வந்த வாசகர்கள் மன்னிக்க வேண்டும்.

செஞ்சி வட்டாரம் தெருக்கூத்தின் தாய்வீடு. திரௌபதி அம்மன் வழிபாட்டுக்கு மூலஸ்தானம் என்று பக்தர்கள் சொல்லும் மேலச்சேரி செஞ்சிக்கு அருகில்தான் இருக்கிறது. பங்குனி, சித்திரையில் பாரதம் படித்து, இரவெல்லாம் கூத்து நடக்கும். மத்தளம், தாளம், முகவீணை, ஆர்மோனியம், பின்பாட்டுக்காரர்கள், நடுவில் கிரீடமும் புஜகீர்த்தியும் கட்டிக்கொண்டு ஆடுகிறவர். ஆடுகிறவரே பாடவும் வேண்டும். பாட்டு வேறு, காட்சி வேறு என்ற எண்ணமே அங்கே கிடையாது. இன்னும் ஒரு விஷயம்: பாத்திரம் களரிக்குள் வரும்போது இரண்டு பேர் திரை பிடிப்பார்கள். திரைக்குப் பின்னால் நின்று அவர் பாடுவார். குரல் முதலில் வரும். முகம் பிறகுதான் தெரியும். இதைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

சென்ற பங்குனியில் பையன் 'கர்ண மோட்சம்' முழுவதையும் எடுத்திருக்கிறான். காமிராவில் இருக்கும் மைக்கில் சத்தம் நன்றாக விழாது என்று, மத்தளத்துக்கும் முகவீணைக்கும் அருகில் தனியாக ஒரு ரிக்கார்டரை வைத்தான். படம் ஒரு பெட்டியில், சத்தம் இன்னொரு பெட்டியில். வீட்டுக்கு வந்து, படத்தை ஒரு சாப்ட்வேரில் வெட்டினான். சத்தத்தை வேறொரு சாப்ட்வேரில் சுத்தம் செய்து, முகவீணையைச் சற்றே தூக்கி, கூட்டத்தின் இரைச்சலைத் தணித்தான். பிறகு இரண்டையும் சேர்த்துத் தாத்தாவிடம் போட்டுக் காட்டினான்.

தாத்தா கால் மணி நேரம் பார்த்தாராம். "எல்லாம் நல்லாத்தான் கீது கண்ணு. ஆனா போகப் போக என் காலு ஒரு பக்கம் போவுது, தட்டு ஒரு பக்கம் போவுது. நான் என்ன, தாளம் தப்பி ஆடறவனா?" என்று கேட்டுவிட்டு எழுந்து போய்விட்டார்.

அவர் சொன்னது சரி. காமிராவுக்குள் ஒரு கடிகாரம் இருக்கிறது. ரிக்கார்டருக்குள் ஒரு கடிகாரம் இருக்கிறது. இரண்டும் மலிவான கடிகாரங்கள். மூன்று மணி நேரம் ஓடினால் அரை விநாடி முன்பின்னாகிவிடுகிறது. அரை விநாடி எனக்கும் உங்களுக்கும் ஒன்றுமில்லை. ஐம்பது வருஷம் சலங்கை கட்டிய மனுஷனுக்கு அது பெரிய பள்ளம்.

கூத்தில் பிரியாமல் இருந்த சத்தத்தையும் காட்சியையும் பிரித்தது யந்திரம்தான். கிராமபோன் சத்தத்தை மட்டும் பிடித்துக்கொண்டது. சினிமாக் காமிரா காட்சியை மட்டும் பிடித்துக்கொண்டது. 1905-ல் திருச்சி ரயில்வேயில் உத்தியோகத்திலிருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், ஒரு பிரெஞ்சுக்காரரிடம் புரொஜெக்டரை விலைக்கு வாங்கிக்கொண்டு ஊர் ஊராகக் கூடாரம் அடித்துக் காட்டினாரே, அந்தப் படங்களுக்கு வாய் கிடையாது. தமிழ்நாட்டில் முதல் கதைப் படம் எடுத்த ஆர். நடராஜ முதலியார் எடுத்துக்கொண்ட கதை கீசக வதம். கூத்தில் விடிய விடிய அலறவேண்டிய கீசகன், திரையில் சத்தமில்லாமல் செத்தான்.

1931-ல் சத்தமும் படமும் மறுபடி சேர்ந்தன. மார்ச் 14-ந் தேதி பம்பாயில் அர்தேஷிர் இரானியின் 'ஆலம் ஆரா' வந்தது. அதே இம்பீரியல் கம்பெனியார், எச். எம். ரெட்டி டைரக்ஷனில், டி. பி. ராஜலக்ஷ்மியை வைத்து எடுத்த 'காளிதாஸ்' அக்டோபர் 31-ந் தேதி சென்னையில் திரையிடப்பட்டது. இரண்டு படங்களுக்கும் இன்று பிரதி கிடையாது என்பது நம் தேசத்தின் அலட்சியத்துக்கு ஓர் அத்தாட்சி.

'ஆலம் ஆரா' எடுத்த விதம் வேடிக்கையானது. ஸ்டூடியோவுக்குப் பக்கத்தில் ரயில் பாதை. பகலில் ரயில் சத்தம் மைக்கில் விழும். ஆகவே பெரும்பாலும் இரவில்தான் வேலை. நடிகர் பாடும்போது வாத்தியக்காரர்கள் காமிராவின் கண்ணில் படாமல் ஒளிந்துகொண்டு வாசிக்க வேண்டும். காட்சியும் சத்தமும் ஒரே காமிராவில், ஒரே பிலிம் சுருளில், ஒரே சமயத்தில் பதிவாயின. ஒரு பெட்டியில் எல்லாம் அடக்கம். இன்று ஒரே சாப்ட்வேரில் எல்லாம் செய்யலாம் என்று விளம்பரம் செய்கிறார்களே, அதற்கு இது பாட்டன்.

பிறகு ஏன் பிரித்தார்கள்? இந்தக் கேள்விதான் என்னை இரண்டு நாள் தூங்கவிடவில்லை. பதில் ஒரு சின்ன யந்திர விஷயத்தில் இருக்கிறது.

சினிமாப் பிலிம் புரொஜெக்டரில் சீராக ஓடுவதில்லை. லென்ஸுக்கு எதிரில் ஒவ்வொரு பிரேமும் ஒரு கணம் நிற்க வேண்டும். பிறகு அடுத்தது வர வேண்டும். விநாடிக்கு 24 தடவை நின்று நின்று போகிற ஓட்டம். கண்ணுக்கு அது போதும். காதுக்குப் போதாது. சத்தம் படிக்கும் இடத்தில் பிலிம் வழுக்கிக்கொண்டு சீராகப் போனால்தான் பாட்டு பாட்டாக இருக்கும். இல்லாவிட்டால் விக்கல் எடுத்தவன் பாடுவதுபோல் ஆகிவிடும். ஆகவே படம் காட்டும் இடத்தையும் சத்தம் படிக்கும் இடத்தையும் தள்ளித் தள்ளி வைத்தார்கள். 35 மில்லிமீட்டர் பிலிமில் ஒரு பிரேமுக்கு உரிய சத்தம், அதற்குச் சுமார் 20 பிரேம் முன்னாலேயே பதிந்திருக்கும். திரைக்குப் பின்னால் முதலில் குரல், பிறகு முகம்! நம் கூத்துக்காரர்கள் கலைக்காகச் செய்ததை வெள்ளைக்காரன் பல்சக்கரத்துக்காகச் செய்தான்.

ஓடுகிற மட்டும் இதனால் தொல்லை இல்லை. வெட்டும்போதுதான் வந்தது வினை. கதாநாயகி திரும்பிப் பார்க்கும் இடத்தில் எடிட்டர் கத்தரி வைத்தால், அவள் பேச்சின் ஒரு துண்டு அடுத்த காட்சியோடு போய்விடும். பேச்சு முடிந்த இடத்தில் வெட்டினால் அவள் அரைகுறையாகத் திரும்பி நிற்பாள். ஆக, சேர்ந்தே இருந்தால் வெட்ட முடியாது. வெட்ட வேண்டுமானால் பிரிக்க வேண்டும்.

பிரித்தார்கள். படத்துக்கு ஒரு சுருள், சத்தத்துக்கு ஒரு சுருள். இரண்டையும் மறுபடி பொருத்துவதற்கு ஓர் அடையாளம் வேண்டுமே? அதற்குத்தான் ஒரு பையனை நிறுத்திக் காமிராவுக்கு முன்னால் கிளாப் அடிக்கச் செய்தார்கள். கட்டை மூடுகிற பிரேமையும் 'டக்' என்ற சத்தத்தையும் நேருக்கு நேர் வைத்தால் மற்றதெல்லாம் தானாகச் சேரும். எடிட்டிங் அறையில் பல்சக்கரங்களில் இரண்டு சுருளையும் மாட்டிக் கையால் உருட்டுவார்கள்.

பிரிந்ததனால் வந்த லாபங்களைச் சொல்லி முடியாது. பாடத் தெரியாத அழகிக்கு வேறொருத்தியின் குரல் கிடைத்தது. ஏ. வி. மெய்யப்பன் 1938-ல் 'நந்தகுமார்' படத்தில் இதைச் செய்து பார்த்தார். தமிழ் சினிமாவில் பின்னணிப் பாட்டு அப்படிப் பிறந்தது. கன்னடத்தில் எடுத்த 'ஹரிச்சந்திரா'வை 1944-ல் தமிழ் பேச வைத்தார். ரீ-ரிக்கார்டிங் என்ற ஒரு கலையே உண்டாயிற்று. படம் திரையில் ஓட, சங்கீத டைரக்டர் அதைப் பார்த்து நொட்டேஷன் எழுத, நாற்பது ஐம்பது பேர் வாசிப்பார்கள். ஒலிப்பதிவு என்று தனித் தொழில் வந்தது. 1934-ல் சென்னையில் தயாரான முதல் பேசும் படமான 'ஸ்ரீநிவாச கல்யாண'த்துக்கு ஒலிப்பதிவு செய்தவர், அதன் டைரக்டர் ஏ. நாராயணனின் மனைவி மீனாக்ஷி அம்மாள். அந்த நாளில் ஒரு பெண்மணி அந்தப் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்தார் என்பதை நம் சரித்திரக்காரர்கள் இன்னும் கொஞ்சம் உரக்கச் சொல்லலாம்.

நஷ்டமும் உண்டு. படத்தில் பத்து பிரேம் வெட்டினால் சங்கீதத்தில் பத்து பிரேம் தொங்கும். படத்துக்காரரும் பாட்டுக்காரரும் வேறு வேறு கட்டிடத்தில் இருப்பார்கள். சுருள்கள் டாக்ஸியில் போகும், வரும். கம்ப்யூட்டர் வந்த பிறகும் இந்த வழக்கம் மாறவில்லை. படம் வெட்டுவதற்கு 'ஆவிட்' என்ற யந்திரம் 1989-லும், சத்தத்துக்கு 'புரோ டூல்ஸ்' 1991-லும் வந்தன. 1995-ல் இரண்டு கம்பெனிகளும் ஒன்றாகிவிட்டன. முதலாளி ஒருவர் ஆனார். சாப்ட்வேர் இரண்டாகவே இருந்தது. அண்ணன் தம்பி ஒரே வீட்டில் இருந்துகொண்டு தனித்தனி அடுப்பு வைத்துக்கொள்வதுபோல.

இதற்கு வீம்பு மட்டும் காரணமல்ல. இரு சாராரும் காலத்தை எண்ணும் விதமே வேறு. படம் வெட்டுகிறவருக்குக் காலத்தின் மிகச் சிறிய துண்டு ஒரு பிரேம். விநாடியில் 24-ல் ஒரு பங்கு. அதற்குள் அவர் கத்தி நுழையாது. சத்தத்தைக் கம்ப்யூட்டரில் பதிவு செய்கிறவர் விநாடியை 48,000 துணுக்குகளாக நறுக்குகிறார். ஒரு பிரேமுக்குள் அவருக்கு 2,000 துணுக்குகள் அகப்படும். மெட்டுப் போடுகிறவரோ விநாடியை எண்ணுவதே இல்லை. அவர் எண்ணுவது ஆவர்த்தனத்தை. காலப்பிரமாணத்தைச் சற்றே துரிதப்படுத்தினால் அவருடைய அளவுகோல் முழுவதும் சுருங்கும். தச்சர், தட்டார், ஜோசியர் மூவரையும் ஒரே கோலால் அளக்கச் சொன்னால் என்ன ஆகும்?

ஆனாலும் செய்து பார்த்தார்கள். அமெரிக்காவில் விஸ்கான்ஸின் மாகாணத்து மாடிஸன் நகரில் சோனிக் பவுண்டரி என்று ஒரு கம்பெனி. அவர்கள் சத்தக்காரர்கள், சிறு சிறு சங்கீதத் துண்டுகளைக் கோத்துப் பாட்டு உண்டாக்கும் 'ஆஸிட்' என்ற சாப்ட்வேர் அவர்களுடையது. 1999-ல் 'வேகாஸ்' என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள். அது சத்தத்துக்கு மட்டும். அடுத்த வருஷமே அதற்குள் படத்தையும் குடிவைத்தார்கள். வேடிக்கை என்னவென்றால், அந்த வீட்டில் படம் சத்தத்தைப்போலவே நடத்தப்பட்டது. இரண்டு பாட்டுத் துண்டுகளை ஒன்றின் மேல் ஒன்று இழுத்துவிட்டால் ஒன்று தேய்ந்து மற்றது வளரும் அல்லவா? இரண்டு படத் துண்டுகளை இழுத்துவிட்டாலும் அப்படியே ஆயிற்று. 2003-ல் சோனி கம்பெனி அதை வாங்கிற்று. 2016-ல் அது ஜெர்மனியின் மாகிக்ஸ் கம்பெனிக்குக் கைமாறியது. ஆனால் முதல் குடித்தனக்காரரின் வாசனை போகவில்லை.

எதிர்த் திசையிலிருந்து வந்தது 'டாவின்சி ரிஸால்வ்'. அது சினிமாவுக்கு நிறம் திருத்தப் பிறந்தது. மெல்பர்ன் நகரத்து பிளாக்மாஜிக் கம்பெனி 2009-ல் அதை வாங்கி, மெல்ல மெல்ல எடிட்டிங்கைச் சேர்த்தது. 2016-ல் பேர்லைட் என்ற ஒலித் தொழில் சொத்தையும் வாங்கி, மறு வருஷம் அதையும் உள்ளே வைத்துவிட்டது. பேர்லைட் சாமானியப் பெயரல்ல; 1979-ல் சிட்னியில் பீட்டர் வோகலும் கிம் ரைரியும் செய்த பேர்லைட் யந்திரம், எந்த ஓசையையும் பிடித்து அதைக் கட்டையில் வாசிக்கவிட்ட கருவிகளில் முன்னோடி. காசில்லாமலே கிடைக்கும் பதிப்பு ஒன்று இருப்பதால், நம் பையனும் கடைசியில் இதைத்தான் பிடித்துக்கொண்டான்.

கோயில் கூடத்தில் உட்கார்ந்தபடி அவன் அதை எனக்குக் காட்டினான். திரையின் அடியில் வரிசையாகச் சில பொத்தான்கள். ஒன்றைத் தொட்டால் படம் வெட்டும் இடம். இன்னொன்றைத் தொட்டால் நிறம். மற்றொன்றைத் தொட்டால் சத்தம். சத்தத்தின் அறையில் பிரேமுக்குள்ளும் கத்தி நுழைகிறது. அங்கே மத்தளத்தை ஓர் இழை நீட்டினால், படம் வெட்டும் அறையில் அந்த நீளம் தானாக வந்து நிற்கிறது. சுமந்துகொண்டு போக வேண்டியதில்லை. நான் நிமிர்ந்து பின்சுவரைப் பார்த்தேன். மகேந்திரவர்மனும் மூன்று தெய்வங்களையும் ஒரு சிலையாக உருக்கிவிடவில்லை. அவரவருக்கு ஓர் அறை கொடுத்துவிட்டு, கூடத்தை மட்டும் பொதுவாக வைத்தான். பையனிடம் இதைச் சொன்னேன். "ஆமாங்க ஐயா" என்றான், திரையிலிருந்து கண் எடுக்காமல். உபசாரத்துக்குச் சொன்னானோ என்னவோ!

எல்லாம் பூரணமாகிவிட்டது என்று நான் சொல்ல வரவில்லை. மெட்டுப் போடுகிறவருக்கு இந்த வீட்டில் திண்ணைதான். எந்தக் கட்டையை எப்போது எவ்வளவு அழுத்தமாகத் தொட்டோம் என்று குறித்து வைக்கும் 'மிடி' என்ற பாஷை 1983-லிருந்து இருக்கிறது. அதை வைத்து முழு வாத்திய கோஷ்டியையே கட்டி எழுப்புகிறவர்கள் இன்னும் தங்கள் சங்கீத சாப்ட்வேரைவிட்டு நகரவில்லை. அங்கே படத்துக்கு ஒரு சின்ன ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு வேலை செய்கிறார்கள். இரு வீட்டாரும் சம்பந்தம் பேசியாயிற்று. சமையல் இன்னும் தனித்தனிதான். எனக்கு வேறொரு கவலையும் உண்டு. முன்பு ஒரு படத்தைப் பத்து ஜோடிக் காதுகள் கேட்டன. இப்போது இரவு இரண்டு மணிக்கு ஒரே பையன், ஒரே ஹெட்போன். தப்பு நேர்ந்தால் "அடே, அது சரியில்லை" என்று சொல்லப் பக்கத்தில் யார் இருக்கிறார்கள்?

இந்தப் பையனுக்கு ஒரு தாத்தா இருந்தார். மறுநாள் அவர் வீட்டுக்கு என்னையும் அழைத்துப் போனான். திண்ணையில் கயிற்றுக் கட்டில். முகத்தில் அரிதாரம் பூசிப் பூசித் தோல் ஒரு மாதிரி வழவழத்துப்போன பெரியவர். லாப்டாப்பை முறத்தின் மேல் வைத்துப் பார்த்தோம். கர்ணன் சுழன்றாடினான், மத்தளம் அவன் பாதத்தோடு ஒட்டிக்கொண்டு வந்தது. பெரியவர் பாதி நேரம் கண்ணை மூடிக்கொண்டே இருந்தார். விரல் மட்டும் கட்டில் சட்டத்தில் தட்டிக்கொண்டிருந்தது. திடீரென்று விரல் நின்றது.

"கொஞ்சம் பின்னாடி போ" என்றார்.

போனான்.

"அந்த எடத்துல நான் சுத்தி வரச்சே காலு தடுக்கிச்சி. நெனவு கீது. இதுல தட்டு நிக்காம போவுதே?"

பையன் முகம் மலர்ந்தது. "அத சரி பண்ணிட்டேன் தாத்தா. அங்க மத்தளம் ஒரு அடி இழுத்துடுச்சி. அத வெட்டித் தள்ளி வெச்சிட்டு, படத்துலயும் வேற கோணத்த போட்டுட்டேன். தெரியவே தெரியாது."

பெரியவர் சிறிது நேரம் பேசவில்லை. அந்த மத்தளக்காரர் ஐப்பசியில் காலமாகிவிட்டார் என்று பையன் முதல் நாளே என்னிடம் சொல்லியிருந்தான். முப்பது வருஷம் இவர் ஆட, அவர் வாசித்திருக்கிறார்.

"அவன் இழுக்கல கண்ணு. நான் நிமிர்ந்து நிக்கற வரைக்கும் எனக்காக நின்னான். அத எடுத்துடாத" என்றார் பெரியவர்.

பையன் ஒன்றும் சொல்லவில்லை. முறத்தை மடிக்கு இழுத்துக்கொண்டான். படத்தின் அறையில் ஒரு பொத்தான், சத்தத்தின் அறையில் ஒரு பொத்தான். வெட்டியது திரும்பி வந்தது. மறுபடி ஓட்டினான். கர்ணன் சுழன்றான், தடுக்கினான். மத்தளம் ஓர் அடி மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. அவன் நிமிர்ந்ததும் அவனோடு புறப்பட்டது. கட்டில் சட்டத்தில் பெரியவரின் விரலும் அந்த இடத்தில் நின்று, பிறகு புறப்பட்டது.

உள்ளேயிருந்து யாரோ காபி சாப்பிட அழைத்தார்கள். பெரியவர் எழுந்திருக்கவில்லை. "இன்னொரு தபா போடு" என்றார்.